சுழி வைத்த காளை

கள்ளக்குறிச்சியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். பஷீர் அகமது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தீவனக்கடை பாய் என்றால் தெரியும். எனக்கு முன்கோபம் என்று என் மனைவி ஆசியா பீவி சொல்வாள். வெறும் கோபம் என்றால்கூட பொறுத்துக்கொள்ளலாமாம், கூடவே வாயும் நீளமாம். இரண்டும் உண்மைதான். அந்த வாயால் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருஷம் கடைக்கு ஒரு பழைய பிக்கப் வேன் வாங்கினேன். வெள்ளை நிறம். வண்டி மொட்டையாக இருக்கிறதே என்று இரண்டு பக்கமும் படம் போட பெயிண்டர் சுப்புராயனைக் கூப்பிட்டேன். கடைப் பெயரையும் எழுதிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெயர் எழுதினால் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் புரியும், படம் போட்டால் மாட்டுக்கே புரியும்.

இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உயிரை வாங்கினேன். வண்டியின் முன்பக்கம் பார்த்து நிற்கிற காளை. கூடைக்குள் தலையை விட்டுத் தீவனம் தின்கிறது. முதுகு வெறுமையாக இருக்கிறதே, ஒரு ஜரிகைத் துணி போடு என்றேன். போட்டார், துணி பின்தொடை வரை மடிந்து தொங்கியது. வால் குட்டையாக இருக்கிறது, குளம்பு வரை இழு என்றேன். இழுத்தார். கடைசியில், மாட்டு உடம்பில் மயிர் சுழித்திருக்குமே, அந்தச் சுழி எங்கே என்று கேட்டேன்.

"படத்து மாட்டுக்கு எதுக்கு பாய் சுழி?" என்றார் சுப்புராயன்.

"சந்தைல பல்ல புடிச்சி பாக்கறதுக்கு முன்னாடி சுழியதான் பாக்கறான். சுழி இல்லாத மாட்ட எவன் வாங்குவான்? வைய்யி."

முணுமுணுத்துக்கொண்டே பின்தொடைக்கு மேலே கறுப்பாக ஒரு சுழி வைத்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. படம் நன்றாகவே வந்திருந்தது. அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் என் வண்டிக்குக் காளை வண்டி என்றுதான் பெயர்.

செவ்வாயும் சனியும் கல்வராயன் மலைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போவேன். நான்தான் ஓட்டுவேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் ஏரிக்கொல்லை என்று ஒரு ஊர். அங்கே ஒரு சின்னப் பால் சங்கம். சங்கத்தை ஒட்டி டீக்கடை. சங்கத்தில் பத்து மூட்டை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு, வெள்ளிமலைப் பக்கம் ஏறுவேன்.

அந்தச் சங்கத்தில் பாலுக்கு டிகிரி பார்ப்பது செந்தமிழ்ச்செல்வி. நாற்பது வயது இருக்கும். ஜாடியில் பாலை ஊற்றி லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு என்றால் நல்ல பால். இருபத்துநாலு என்றால் மாடு மட்டும் கறக்கவில்லை, குழாயும் கறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாக அவள்தான் பார்க்கிறாள். சொந்தக் கொழுந்தனின் பாலையே திருப்பி அனுப்பியவள். அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இருக்கும். ஏரிக்கொல்லை தாண்டி முதல் வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே மலையிலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். அந்த டிரைவர் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. ஹாரனில் கை வைத்தபடி நின்றான். அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து ஓரத்தில் ஒதுங்கினேன். பின்சக்கரத்தில் ஏதோ இடித்தது. கல் என்று நினைத்தேன். பஸ் போனதும் கிளம்பி மேலே போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது சங்கத்து வாசலில் கூட்டம். நடுவில் செல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய ஆடு. சினை ஆடு. பின்னங்கால் முறிந்து தொங்கியது.

"பில்லு அறுத்துக்கினு எதிர் மேட்ல இருந்தேன். ஒரு வண்டி ஆட்டு மேல ஏறுச்சு. கத்திக்கினே எறங்கி ஓடியாந்தேன். நடுவுல பஸ்ஸு வந்து மறைச்சிக்கினுது. பஸ்ஸு போயி பாத்தா வண்டிய காணம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னா வண்டி அது?" என்று கேட்டார் நாராயணசாமி. சங்கத்துச் செயலாளர், எதையும் மெல்லப் பேசுகிற மனிதர்.

"வெள்ள வண்டி. சைடுல யான படம் போட்ருந்துச்சு."

"குட்டியானன்னு சொல்றாங்களே, அந்த வண்டியா?"

"வண்டி பேரு இல்லண்ணா. படம். தும்பிக்க தொங்குது. கண்ணு கறுப்பா தெரியுது. காதுகூட ஜரிக போட்டாப்ல மின்னுச்சு. நல்லா பாத்தேன்."

நாராயணசாமி என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்க பாய். அந்த நேரத்துக்கு நீங்களும் அந்த பக்கந்தான் போனீங்க."

எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது. அதற்குள் செல்வியே எழுந்து வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஆட்டைப் பறிகொடுக்கப் போகிறவள், அவசரப்படாமல் பார்த்தாள்.

"இது இல்லிங்க," என்றாள். "இது மாடு. நான் பாத்தது யான."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. நான் இல்லை. அது கல்தான். அவள் நினைத்திருந்தால் வெள்ளை வண்டி, அந்த நேரம், அந்த ரோடு என்று என்னை மாட்டிவிட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் நிம்மதி வந்ததும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"இருவது வருசமா இந்த ரோட்ல போய்க்கினு இருக்கேன். யான படம் போட்ட வண்டி ஒண்ணுகூட பாத்ததில்ல," என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "இல்லாத யானையே இந்தம்மா கண்ணுக்கு தெரியுதுன்னா, பால்ல எத்தினி டிகிரி தெரியுதோ."

எல்லாரும் சிரித்தார்கள். சங்கத்தில் பால் ஊற்றுகிற பூமாலை விழுந்து விழுந்து சிரித்தான். அன்று காலையில்தான் அவன் பாலுக்கு இருபத்துநாலு சொல்லியிருந்தாள். செல்வி ஆட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆடு இரண்டு நாள் கழித்துச் செத்துப் போனதாக டீக்கடையில் சொன்னார்கள்.

நான் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். ஊர் மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போகும்போதே அவளுக்கு யானைக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம், அவள் டிகிரி சொன்னதும் நாராயணசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து இன்னொரு தடவை பார்க்க ஆரம்பித்தார். உறுப்பினர்கள் கேட்டார்களாம், அவர் என்ன செய்வார் பாவம். இருவர் கணக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். கண் சரியில்லாத ஆளை மாற்ற வேண்டும், திங்கட்கிழமை காலையில் கூடி முடிவு எடுக்க வேண்டும் என்று.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தேன். என் மகள் ரிஹானா கல்லாவில் இருந்தாள். பி.காம். முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

"அத்தா, ஏரிக்கொல்லை செல்வியக்கா வந்துச்சு," என்றாள். "கண்ணு டாக்டர்கிட்ட போய்ட்டு வருதாம். கண்ணு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாராம். 'அப்ப இன்னாம்மா எனக்கு மண்டைலதான் கோளாறா'ன்னு என்ன கேக்குது. நான் இன்னா சொல்றது?"

தவிட்டு மூட்டையை நகர்த்தப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்துக்கு ரிஹானாவைக் கூட்டிப் போனேன். எனக்கு ஒரு மாதமாக முதுகு வலி. மலை ரோட்டில் இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், நான் ஓட்டுகிறேன் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். காரில் பழகிய கை, வேனில் பழக வேண்டும். சந்தை இல்லாத நாளில் மைதானம் காலியாக இருக்கும்.

நான் ஓரமாக நின்றுகொண்டேன். முன்னால் இரண்டு சுற்று ஓட்டினாள். காளை ஜம்மென்று போனது. சொந்த வண்டி ஓடுவதை வெளியே நின்று பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. எப்போதும் உள்ளே உட்கார்ந்திருப்பவன் அல்லவா.

"இப்ப ரிவர்ஸ் எடு," என்று கை காட்டினேன். "வா, வா, வா."

வண்டி பின்னால் நகர்ந்தது. நகர்ந்ததும் யானை வந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காளையின் பின்பக்கம் தலையாகிவிட்டது. குளம்பு வரை தொங்கிய வால் தும்பிக்கை. மடிந்து தொங்கிய ஜரிகைத் துணி காது. நான் அடம் பிடித்து வைக்கச் சொன்ன சுழி, கண். கூடையும் குனிந்த தலையும் பின்னங்கால் ஆகி, கொம்பு குட்டி வாலாகிவிட்டது. அது என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தது.

"நில்லு," என்றேன். நின்றாள். யானை போய்விட்டது. காளை கூடையில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"முன்னால போ." காளை.

"பின்னால வா." யானை.

"முன்னால."

"அத்தா, இன்னா ஆச்சு உங்களுக்கு?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் ரிஹானா. "தலை சுத்துதா?"

அவளை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறி, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினேன். கீழே நின்று பார்த்தவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்வி வாயாலேயே அந்த யானைக் கதையைக் கேட்டவள் அவள்தானே.

யோசித்துப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. நடக்கிற எந்தப் பிராணிக்கும் தலைதான் முன்னால் போகும். அதனால் எது முன்னால் போகிறதோ அதைத் தலை என்று கண் முடிவு செய்துவிடுகிறது. வண்டி முன்னால் போனால் கொம்பு இருக்கிற பக்கம் தலை. பின்னால் போனால் சுழி இருக்கிற பக்கம் தலை. நின்றால், ஏற்கெனவே தெரிந்த மாடு. கடைச் சந்தில் நான் தினமும்தான் ரிவர்ஸ் எடுக்கிறேன், ஆனால் அங்கே இரண்டு பக்கமும் சுவர். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கோ எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. எதிர் மேட்டில் நின்ற செல்வி அந்த ரிவர்ஸை மட்டும்தான் பார்த்தாள். பார்த்ததை அப்படியே சொன்னாள்.

ஆட்டின் மேல் ஏற்றியது நான்தான்.

வீட்டுக்கு வந்து சுப்புராயனுக்கு போன் போட்டுக் கத்தினேன். காளை கேட்டால் யானையை எதற்குடா ஒளித்து வைத்தாய் என்று. வயதில் மூத்தவரை 'டா' போட்டது அன்றுதான்.

"அல்லா மேல சத்தியமா எனக்கு தெரியாது பாய்," என்றார் அவர், என் சாமி பெயரில். "கோயில் தூணுங்கள்ல மாடும் யானையும் ஒட்டிக்கினு இருக்குமே, பாத்திருக்கீங்களா? சின்ன வயசுலேந்து அத பாத்து பாத்து வரைஞ்ச கை. நீங்க துணிய போடு, வால இழு, சுழி வைய்யின்னீங்க. கை அதுவா போயிருச்சு." பிறகு அவரே, "ஒரு லிட்டர் வெள்ள பெயிண்டு வாங்கி வைங்க, மத்தியானமே வந்து அழிச்சித் தரேன்," என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் கடைக்குக் கிளம்பிவிட்டேன். வண்டியில் படம் இல்லையென்றால் யானையும் இல்லை. தெரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். ரிஹானா என் மகள், சுப்புராயன் என்னிடம் வேலைக்கு வருகிறவர். ஏரிக்கொல்லையில் டிகிரி யார் பார்த்தால் எனக்கு என்ன? இருபது வருஷமாகப் போகிற ஊரில் ஆட்டைக் கொன்றவன், பொய்யன் என்று பெயர் எடுத்துவிட்டு எப்படித் தீவனம் விற்பது?

செருப்பு போடும்போது ஆசியா வாசலில் வந்து நின்றாள். ரிஹானா சொல்லியிருக்கிறாள்.

"பெயிண்டு வாங்கவா போறீங்க?"

"ஆமா. இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. அந்தம்மா மண்டைல கோளாறுன்னு நெனச்சிக்கினு டாக்டர் வூட்ல ஒக்காந்துகினு இருந்துச்சாம். அதுக்கும் ஒரு டப்பா வாங்கிக்கினு வாங்க."

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏரிக்கொல்லையில் இருந்தோம். ரிஹானாதான் ஓட்டினாள். சங்கத்து வாசலில் கேனும் தூக்குமாக முப்பது பேர் நின்றிருந்தார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் செல்வி, பக்கத்தில் நாராயணசாமி. திங்கட்கிழமை நான் வருகிற நாள் இல்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் வெளிய வாங்க," என்றேன். "கூட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்."

செல்வி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். ரிஹானா வண்டியை ரோட்டில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ன படம் என்று கேட்டேன். மாடு என்றார்கள், பாய்க்கு என்ன ஆகிவிட்டது என்பது மாதிரி. நான் கை காட்டினேன். வண்டி பின்னால் வந்தது.

முதலில் பூமாலைதான், அவனை அறியாமல், "யான," என்றான். பக்கத்தில் நின்ற சாலம்மாள் கேனைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாண்டியம்மா, தும்பிக்க," என்றாள். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் விரலை நீட்டிக் காட்டினார்கள்.

சொல்ல வேண்டியதைச் சத்தமாகவே சொன்னேன். "அன்னிக்கி பஸ்ஸுக்கு வழி விட ரிவர்ஸ் எடுத்தது நான்தான். ஆட்டு மேல ஏத்தனது நான். கல்லுன்னு நெனச்சேன். செல்வி சொன்னது அத்தனையும் நெசம். அது கண்ண கிண்டல் பண்ணது என் தப்பு."

பேச்சு அவ்வளவுதான். உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவள் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ரிஹானா பின்னாலேயே வந்து, "வெளிய வந்து நீங்களும் பாருங்கக்கா," என்றாள்.

"நான் அன்னிக்கே பாத்துட்டேம்மா," என்றாள் செல்வி.

நாராயணசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இனிமேல் கூட்டத்துக்கு அவசியம் இல்லை, மனுவைக் கிழித்துவிடலாம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். வாசலில் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன்தான் கொஞ்சம் பலமாகச் சொன்னான்.

செல்வி ஜாடியை மேஜையில் வைத்தாள். "ஆட்டுக்கு இன்னா வெலயோ குடுங்க பாய், வாங்கிக்கறேன். அது வேற," என்றாள். குரலில் சண்டை இல்லை. "ஆறு வருசமா டிகிரி சொல்றேன். ஒரு நாளாச்சும் தப்பா சொல்லியிருக்கேனா? நான் வாயால சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. இப்ப வண்டி பின்னால போய் காட்டுனதும் நம்பறீங்க. இன்னிக்கி இவரு வராம இருந்திருந்தா?"

ஆசியா வாசலில் வந்து நிற்காவிட்டால் வராமல்தான் இருந்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பெயிண்ட் கடை வரை போயிருக்க வேண்டிய ஆள் நான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பால் கெட்டுப் போவுது, வாங்க," என்றாள் அவள்.

வரிசையில் முதலில் பூமாலை. அவன் பாலை ஜாடியில் ஊற்றி, லாக்டோமீட்டரை விட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்தாள். முகத்தை ஜாடிக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

"இருவத்தஞ்சு."

பூமாலையின் கண் தானாக நாராயணசாமி பக்கம் போனது. மூன்று வாரத்துப் பழக்கம். நாராயணசாமியின் கையும் தானாகவே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டியது. குனிந்தார். இப்போதுதான் மனுவைக் கிழிக்கலாம் என்று சொன்ன அதே மனிதர்.

செல்வி ஜாடியைக் கையால் மறைத்தாள். "ஒருத்தர் பாத்தா போதுங்க," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். பூமாலை கேனை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அடுத்தது சாலம்மாள்.

போனது போகட்டும் பாய் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆறு பேர் பாலுக்கு டிகிரி சொன்னாள். ஏழாவது ஆள் கேனைத் திறக்கும்போது, தலையைத் தூக்காமலே, வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னாள். நகர்ந்து நின்றேன்.